பார்டர்லைனுக்கு மூளைத் தூண்டலும் பேச்சு சிகிச்சையும்: மாடிப்படியில் கேட்ட கேள்விகள்

உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் சனிக்கிழமை திறன் வகுப்பு முடிந்து நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது மாடிப்படியில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அம்மா. சில நாள் அக்கா, சில நாள் கணவர். "ஒரே ஒரு டவுட் மேடம்" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச காலமாக அந்த ஒரே டவுட் மெஷினைப் பற்றித்தான். மூளைக்குக் காந்தம் வைக்கிறார்களாமே, கரண்ட் வைக்கிறார்களாமே, அதையும் கவுன்சலிங்கையும் சேர்த்துக் கொடுத்தால் பார்டர்லைன் சரியாகிவிடுமாமே?

படிக்கட்டில் நின்று சொன்ன பதில்களை எழுதி வைத்தால் இரண்டு பக்கமும் நேரம் மிச்சம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் உளவியலாளர், பேச்சு சிகிச்சைதான் என் பிழைப்பு. அந்தப் பக்கம் ஒரு சாய்வு இருக்கத்தான் செய்யும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஃபைல்ல பார்டர்லைன்னு எழுதியிருக்காங்க. பைத்தியத்துக்கு ஒரு படி முன்னாடின்னு அர்த்தமா?

இல்லை. அது பழைய பெயர். மனநோய்களை நியூரோசிஸ் (பதற்றம் போன்றவை), சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) என்று இரண்டு பெட்டியாகப் பிரித்து வைத்திருந்த காலத்தில், இரண்டிலும் அடங்காதவர்களை அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1938ல் 'எல்லைக்கோட்டில் இருப்பவர்கள்' என்று எழுதினார். அந்தப் பெட்டிகள் போய்விட்டன, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1980ல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்தார்கள். தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்கிறோம். கோளாறு என்ற சொல் எனக்குப் பிடிக்காது, ஆனால் ஃபைலில் அதுதான் இருக்கும்.

கையேட்டில் ஒன்பது அடையாளங்கள் உண்டு. அதில் குறைந்தது ஐந்து இருந்தால்தான் இந்தப் பெயர். விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம், தலைகீழாகிக்கொண்டே இருக்கும் உறவுகள், தான் யார் என்பதே பிடிபடாமை, யோசிக்காமல் செய்துவிடுவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, மணிக்கணக்கில் மாறும் மனநிலை, உள்ளே ஒரு வெறுமை, அடக்க முடியாத கோபம், நெருக்கடியில் சந்தேகமோ மரத்துப்போன உணர்வோ வருவது. வீட்டில் இது எப்படித் தெரியும் என்றால், அனுப்பிய மெசேஜுக்கு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் வரவில்லை. நமக்கு அது பத்து நிமிஷம். அவர்களுக்கு அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஒரு உறவே முடிந்துபோயிருக்கும்.

மூளைக்கு கரண்ட் வைக்கிறதுன்னா ஷாக் ட்ரீட்மென்ட்தானே? அதை ஏன் பேர மாத்திச் சொல்றீங்க?

பெயர் மாற்றமில்லை, வேறு சிகிச்சை. ஷாக் என்று ஊரில் சொல்லும் இ.சி.டி.யில் மயக்க மருந்து கொடுத்து, தசைகளைத் தளர்த்தி, மூளையில் ஒரு சிறிய வலிப்பை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். மயக்கம் கொடுக்காமல் அதைச் செய்வதை இந்தியாவின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. கடுமையான மனச்சோர்வுக்கு அது நல்ல சிகிச்சை. பார்டர்லைனுக்கு என்று அதைக் கொடுப்பதில்லை.

இந்தப் பக்கத்தில் நாம் பேசப்போவது வேறு இரண்டு. டி.எம்.எஸ். என்பது காந்தத் துடிப்பு. டி.டி.சி.எஸ். என்பது மிக மெல்லிய நேர் மின்னோட்டம். இரண்டுக்கும் மயக்க மருந்து வேண்டாம், வலிப்பு வரவழைப்பதும் கிடையாது. முடித்துவிட்டு வெளியே டீ குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம்.

இதில் ஒரு கதை உண்டு. பார்டர்லைனுக்கு இன்று உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையை உருவாக்கியவர் மார்ஷா லினஹான், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1961ல், பதினேழு வயதில், அவரையே ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்து, மருந்தோடு இ.சி.டி.யும் கொடுத்திருக்கிறார்கள். இதை 2011ல் அவரே வெளியில் சொன்னார். ஷாக்கில் சரியாகாத பெண்தான் பிற்காலத்தில் இந்தப் பேச்சு சிகிச்சையை எழுதினார்.

அந்த டி.எம்.எஸ். ரூமுக்குள்ள உண்மையில என்ன நடக்கும்?

பல் டாக்டரிடம் இருப்பது போன்ற சாய்வு நாற்காலி. தலையில் ஒரு துணித் தொப்பியை மாட்டி, அளவு நாடா வைத்து அளந்து, மார்க்கரில் புள்ளி வைப்பார்கள். காதில் அடைப்பான். எட்டு என்ற எண் போலச் சுற்றிய கம்பிச் சுருளைத் தலைமேல் வைத்து, முதலில் கையை அசைக்கும் இடத்தைத் தேடுவார்கள். சரியான இடத்தில் துடிப்பு விழுந்ததும் கட்டைவிரல் தானாகத் துள்ளும். முதல் தடவை அதைப் பார்த்தவர்கள் சிரித்துவிடுவார்கள், சிலர் பயந்துவிடுவார்கள். விரல் துள்ளத் தேவைப்படும் குறைந்த அளவுதான் அந்த ஆளுக்கான அளவுகோல். அதை வைத்துத்தான் டோஸ் கணக்கிடுவார்கள்.

பிறகு சுருளை முன்நெற்றிப் பக்கம் நகர்த்துவார்கள். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் ஸ்டேப்ளர் அடிப்பது போலச் சத்தம், தலைத்தோலில் தட்டுவது போன்ற உணர்வு. பழைய முறையில் ஒரு சிட்டிங் 37 நிமிடம். புதிய முறையில் 3 நிமிடம்தான். இரண்டும் மனச்சோர்வில் ஏறத்தாழ ஒரே பலன் தருவதாக 2018ல் கனடாவில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. வாரத்துக்கு ஐந்து நாள், நான்கிலிருந்து ஆறு வாரம் வரை வரச்சொல்வார்கள்.

1985ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழு கண்டுபிடித்த விஷயம் இது. 2008ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு இதை அனுமதித்தது. பிறகு ஓ.சி.டி. (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய்), புகைப்பழக்கம் என்று பட்டியல் நீண்டது. அந்தப் பட்டியலில் பார்டர்லைன் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டி.டி.சி.எஸ். எப்படி? அதுலயும் விரல் துள்ளுமா?

துள்ளாது. உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளை நெற்றியின் இரு பக்கமும் கட்டி, 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை இருபது நிமிடம் விடுவார்கள். ஆரம்பத்தில் எறும்பு ஊர்வது போலச் சுருசுருக்கும். டி.எம்.எஸ். நரம்புகளை நேரடியாகத் துடிக்க வைக்கிறது. இது அப்படிச் செய்வதில்லை. ஏற்கெனவே துடிக்கத் தயாராக இருக்கும் நரம்புகளை இன்னும் கொஞ்சம் சுலபமாகத் துடிக்க வைக்கிறது, அல்லது எதிர்முனைப் பக்கம் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. மெஷினும் சின்னது, விலையும் குறைவு.

பேச்சு சிகிச்சைன்னா உக்காந்து பேசுறதுதான? அதை வீட்டுப் பெரியவங்களே பண்ணலாமே?

பெரியவர்கள் பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. டி.பி.டி. என்பது அறிவுரை இல்லை, பயிற்சி. முழு வடிவத்தில் வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழு வகுப்பு, இடையில் நெருக்கடி வந்தால் போன், கூடவே சிகிச்சையாளர்களுக்கே ஒரு ஆலோசனைக் கூட்டம். இப்படி ஒரு வருடம். நிதானமாகக் கவனிப்பது, தாங்க முடியாத நேரத்தைத் தாண்டுவது, உணர்ச்சியைக் கையாள்வது, மனிதர்களோடு பேசி வேண்டியதை வாங்குவது என்று நான்கு பாடங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குறைகிறது என்று லினஹான் 1991லேயே ஒப்பீட்டு ஆய்வில் காட்டினார். பேட்மனும் ஃபோனகியும் உருவாக்கிய எம்.பி.டி., ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா சிகிச்சை என்று வேறு நல்ல வழிகளும் இருக்கின்றன.

என் வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணின் டைரி கார்டில், அதாவது தினமும் உணர்ச்சிகளுக்கு மதிப்பெண் போட்டு எழுதும் அட்டையில் (ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்) செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் கோபம் 5, அழுகை 4, கீறிக்கொள்ளும் எண்ணம் 5 என்று இருந்தது. பக்கத்தில், "செய்யல. ஐஸ் தண்ணில முகம் வச்சேன். அம்மா சமையல் பண்றியான்னு கேட்டாங்க." குளிர்ந்த நீரில் முகம் வைத்தால் இதயத் துடிப்பு குறையும். அது உடம்பின் இயல்பு, வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. ராத்திரி பதினொன்றரைக்கு அது அவளுக்கு ஞாபகம் வந்ததே, அதற்கு ஏழு மாதம் ஆனது.

இவ்வளவு எதுக்கு, மாத்திரையிலயே சரி பண்ணிட முடியாதா?

பார்டர்லைனுக்கு என்று எஃப்.டி.ஏ. அனுமதித்த மாத்திரை ஒன்றுகூட இல்லை. இதற்கென்று மருந்து கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகள் எழுதும் நைஸ் அமைப்பு 2009லேயே எழுதியது. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்குத் தனியாக மருந்து கொடுப்பது வேறு விஷயம், பல நேரம் தேவையும்கூட. ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

சரி, ரெண்டையும் சேர்த்தா என்ன லாபம்? அது ஒண்ணு இது ஒண்ணுன்னு தனித்தனியா பண்ணினா போதாதா?

துணி இஸ்திரி போடுவதை வைத்துச் சொல்கிறேன். சுருக்கம் விழுந்த சட்டையில் தண்ணீர் தெளிக்கிறோம். தண்ணீர் சுருக்கத்தை எடுப்பதில்லை, துணியை இளக வைக்கிறது. பெட்டியை ஓட்டினால்தான் சுருக்கம் போகும். தெளித்துவிட்டு அப்படியே போட்டால் காய்ந்துவிடும், சுருக்கம் அப்படியே இருக்கும். மெஷின் தெளிப்பது, பயிற்சி இஸ்திரி. சேர்த்துச் செய்யலாம் என்பவர்களின் கணக்கு இதுதான்.

கொஞ்சம் உள்ளே போனால், பார்டர்லைனில் அமிக்டலா என்ற பகுதி சின்ன விஷயத்துக்கும் பெரிதாக அலறுகிறது, அதை அமைதிப்படுத்த வேண்டிய முன்மூளை அந்த நேரத்தில் போதுமான அளவு வேலை செய்வதில்லை என்பது பல ஸ்கேன் ஆய்வுகளில் வந்திருக்கிறது. அமிக்டலா ஆழத்தில் இருக்கிறது. வழக்கமான சுருள் எட்டுவது இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அதனால் மேலே இருக்கும் முன்மூளையைத் தட்டி, அதன் வழியாகக் கீழே சேதி அனுப்பப் பார்க்கிறார்கள். அதே முன்மூளைதான் டி.பி.டி. திறன்களைப் பழகும்போதும் வேலை செய்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாதையைத் தூண்டினால் அந்தப் பாதை உறுதிப்படும், சும்மா இருக்கும் மூளையைத் தூண்டினால் பலன் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் 'ஒரே நேரத்தில்' என்பதற்கு இவ்வளவு அழுத்தம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. நிஜமா யாராவது செஞ்சு பார்த்திருக்காங்களா?

செய்திருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் மற்ற நோய்களில். முதலில் நல்ல செய்தி. ஓ.சி.டி.க்கு 2018ல் அனுமதி பெற்ற முறையில் ஒவ்வொரு சிட்டிங்குக்கு முன்னாலும் அந்த ஆளின் பயத்தைக் கொஞ்சம் கிளறிவிடுவார்கள். கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகம் என்றால் அதைப் பற்றிப் பேசவைத்துவிட்டுத்தான் மெஷினை ஓட்டுவார்கள். அதே 2018ல், போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 103 பேரை வைத்து ஒரு ஆய்வு. அதிர்ச்சி நினைவுகளுக்கான பேச்சு சிகிச்சைக்குச் சற்று முன்னால் டி.எம்.எஸ். கொடுத்தார்கள். போலி மெஷின் (பார்க்க நிஜம் போலவே இருக்கும், தூண்டாது) வைத்தவர்களைவிட நிஜ மெஷின் வைத்தவர்கள் அதிகம் தேறினார்கள், ஆறு மாதம் கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. நெதர்லாந்தில் மனச்சோர்வுள்ள 196 பேருக்கு டி.எம்.எஸ்.சும் பேச்சும் ஒன்றாகக் கொடுத்ததில் 56 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது.

இப்போது விளம்பரங்களில் வராத பாதி. ஜெர்மனியில் ஆறு மையங்களில் மனச்சோர்வுள்ள 148 பேருக்குக் குழுப் பேச்சு சிகிச்சை நடக்கும்போதே டி.டி.சி.எஸ். கொடுத்துப் பார்த்தார்கள். 2022ல் முடிவு வந்தது: மெஷினால் கூடுதல் பலன் இல்லை. பேச்சு சிகிச்சை மட்டும் தன் வேலையைச் செய்திருந்தது. இதைவிடத் திடுக்கிட வைப்பது 2021ல் வந்தது. அதிர்ச்சி நினைவைச் சுருக்கமாகக் கிளறிவிட்டு உடனே ஆழமான டி.எம்.எஸ். கொடுத்த ஆய்வு, 125 பேர், பல நாடுகள். அதில் போலி மெஷின் வைத்தவர்கள்தான் அதிகம் தேறினார்கள்! நிஜத் தூண்டல், ஆறவேண்டிய நினைவை ஆறவிடாமல் கெடுத்திருக்கலாம் என்று ஒரு ஊகம். எங்கே, எப்போது, மூளை எந்த நிலையில் இருக்கும்போது தட்டுகிறோம் என்பது தப்பினால் உதவி உபத்திரவமாகவும் ஆகலாம்.

பார்டர்லைனுக்குன்னு தனியா எதுவுமே இல்லையா?

இருக்கிறது, சின்னச் சின்னதாக. மெக்சிகோவில் 2018ல் 29 பேருக்கு டி.எம்.எஸ்., பதினைந்து சிட்டிங். ஒரு குழுவுக்கு வலது முன்மூளையில் மெதுவான துடிப்பு, இன்னொன்றுக்கு இடதில் வேகமான துடிப்பு. இரண்டுமே தேறின. போலிக் குழு இல்லாததால் எது மெஷின், எது அக்கறையான கவனிப்பு என்று பிரிக்க முடியாது. இத்தாலியில் 2020ல் 30 பேருக்கு டி.டி.சி.எஸ்., நேர்முனை வலது பக்கம். யோசிக்காமல் செய்வதும் ஆத்திரமும் குறைந்தன. ஈரானில் அதே வருடம் 32 பேருக்கு, நேர்முனை இடது பக்கம். உணர்ச்சியைக் கையாள்வது மேம்பட்டது.

முனைகளைக் கவனித்தீர்களா? ஒருவர் வலம் என்கிறார், இன்னொருவர் இடம் என்கிறார், இரண்டு பேருக்கும் நல்லதே நடந்திருக்கிறது. எனக்கு இது நம்பிக்கையைவிடத் தயக்கத்தைத்தான் தருகிறது. பார்டர்லைனில் மனநிலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். மோசமான வாரத்தில் சேர்பவர் எதைச் செய்தாலும் அடுத்த வாரம் கொஞ்சம் மேலே வந்திருப்பார். தினமும் ஒரு இடத்துக்குப் போய், ஒருவர் பெயர் சொல்லி வரவேற்று, தலையைத் தொட்டு அளந்து, "நேத்து தூங்கினீங்களா" என்று கேட்பதற்கே ஒரு பலன் உண்டு.

பேச்சோடு கோத்துச் செய்வதில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ராடா நியாக்சு செய்யும் வேலை எனக்குப் பிடித்தது. எந்த நோய்ப் பெயராக இருந்தாலும் உணர்ச்சியைக் கையாள முடியாமல் தவிப்பவர்களை எடுத்து, நடந்ததை வேறு கோணத்தில் பார்க்கும் ஒரே ஒரு திறனைச் சொல்லிக்கொடுத்து, அதைப் பயிலும்போதே முன்மூளையைத் தூண்டுகிறார். இஸ்திரிப் பெட்டி ஓடும்போதே தெளிப்பது.

அப்ப எது முதல்ல? மெஷினா, பேச்சா?

இரண்டுக்கும் வாய்ப்பிருக்கும் இடம் என்றால் நான் பேச்சை முதலில் வைப்பேன். குறைந்தது டைரி கார்டு எழுதப் பழகி, நெருக்கடியில் யாரைக் கூப்பிடுவது என்று முடிவாகி, ஒன்றிரண்டு திறன் கைக்கு வந்த பிறகு மெஷின். அப்போதுதான் கிடைக்கும் தெளிவில் பழக ஏதாவது கையில் இருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மனச்சோர்வு அமுக்கி, எழுந்து குளிக்கவே முடியாத நிலையில் இருப்பவரிடம் வகுப்புக்கு வா என்பது வீண் பேச்சு. அங்கே மனச்சோர்வைத்தான் முதலில் தூக்க வேண்டும்.

என் பொண்ணுக்கு டிப்ரெஷனும் சேர்ந்து இருக்கு. அதுக்காக டி.எம்.எஸ். வச்சா ரெண்டுக்கும் கேக்குமா?

நடைமுறையில் பார்டர்லைன் உள்ள பெரும்பாலானவர்கள் டி.எம்.எஸ். அறைக்குள் போவது இந்த வாசல் வழியாகத்தான், அது நியாயமான வாசல். மனச்சோர்வு குறைய நல்ல வாய்ப்பு உண்டு. பார்டர்லைன் பக்கம், அதாவது விட்டுவிடுவார்கள் என்ற பயமும் உறவுச் சிக்கலும், அதே அளவு மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். மணிக்கணக்கில் மனநிலை மாறுவதை பைபோலார் (சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) என்று எழுதுவதும், பைபோலாரை பார்டர்லைன் என்று எழுதுவதும் நடக்கிற தப்புதான். பைபோலாராக இருந்தால் தூண்டல் எப்போதாவது ஆளை மறுபக்கம், அதாவது மேனியா என்ற மிகை உற்சாகத்துக்குத் தள்ளிவிடலாம். நாள்கணக்கில் தூங்காவிட்டாலும் களைப்பே இல்லாமல் இருந்த காலம் உண்டா என்று டாக்டர் கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள்.

வலிக்குமா? ஃபிட்ஸ் வந்துடாதே?

தலைவலியும் நெற்றித்தோல் வலியும் முதல் வாரம் சகஜம், பாராசிட்டமாலில் அடங்கும். வலிப்பு வர வாய்ப்பு ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ராத்தூக்கம் இல்லாமல் வருவது, குடியைத் திடீரென்று நிறுத்துவது, புப்ரோபியான் போன்ற சில மருந்துகள் அந்த வாய்ப்பைக் கூட்டும். பார்டர்லைன் உள்ளவர்கள் சண்டை போட்டுவிட்டு விடிய விடிய விழித்திருந்து காலையில் நேராக சிட்டிங்குக்கு வருவது உண்டு. அதை மறைக்காதீர்கள், அன்றைக்கு ஒத்திவைக்கலாம். தலைக்குள் உலோகக் கிளிப், காது கேட்க வைக்கும் காக்ளியர் கருவி போன்றவை இருந்தால் டி.எம்.எஸ். கூடாது. குளோனசிபாம் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு டி.எம்.எஸ். பலன் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதையும் பட்டியலில் எழுதிக் கொடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இதை வச்சா என் குணமே மாறிடுமா? நான் நானா இருப்பேனா?

இதைக் கேட்டது அம்மா இல்லை, பத்தொன்பது வயதுப் பெண். தான் யார் என்றே பிடிபடாமல் தவிப்பவர் கேட்கும்போது இது விளையாட்டுக் கேள்வி இல்லை. உன் ருசி, உன் சிரிப்பு, உனக்குப் பிடித்த பாட்டு எதையும் மெஷின் தொடாது. கோபம் வருவதற்கும் கை நீள்வதற்கும் நடுவே ஒரு நொடி கூடலாம், அவ்வளவுதான். அந்த நொடியில் என்ன செய்வது என்பதை நீதான் முடிவு பண்ணுவாய் என்றேன். "அப்ப சரி" என்றாள். அடுத்த வாரம் வந்து, "அந்த ஒரு நொடி எனக்கு வேண்டாம்னா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஒரு இடத்துல அஞ்சே நாள்ல முடிச்சுடலாம்னு சொல்றாங்க. அது உண்மையா?

அப்படி ஒரு முறை உண்மையிலேயே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் நோலன் வில்லியம்ஸ் குழு உருவாக்கியது. ஒரு நாளைக்குப் பத்து சிட்டிங், ஐந்து நாள். ஆளுக்கு ஆள் மூளை ஸ்கேன் எடுத்து இடம் குறிப்பார்கள். 2022ல் எஃப்.டி.ஏ. அனுமதித்தது, மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு. முன்னால் சொன்ன பட்டியலை இங்கே நினைத்துப் பாருங்கள். ஸ்கேன் இல்லாமல் வெறுமனே பத்துத் தடவை வைப்பதை அதே பெயரில் விற்பவர்களும் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், ஐந்து நாளில் ஐஸ் தண்ணீர் பழக்கம் வராது. அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் ஆனது.

டி.டி.சி.எஸ். மெஷின் ஆன்லைன்லயே கிடைக்குதே, வீட்டுல வச்சுக்கலாமா?

வேண்டாம். பஞ்சு காய்ந்தால் தோல் கொப்பளித்துவிடும் என்பது சின்னக் காரணம். முனை எந்தப் பக்கம் என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை என்று மேலே பார்த்தோம், நீங்கள் எந்தப் பக்கம் வைப்பீர்கள்? மூன்றாவது, மோசமான ராத்திரியில் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று வைத்துக்கொள்ளத் தோன்றும். யோசிக்காமல் செய்துவிடுவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று.

அவ வரமாட்டேங்கறா. நாங்க கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வரலாமா?

பதினெட்டு தாண்டி, சொல்வதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் நிலையில் இருந்தால் அவர் சம்மதம்தான் சம்மதம். மேலே சொன்ன 2017 சட்டமும் அதையே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், பேச்சு சிகிச்சையை வலுக்கட்டாயமாகக் கொடுக்க முடியாது, அது இல்லாத மெஷின் வெறும் தெளிப்பு. முதலில் நீங்கள் மட்டும் வந்து உட்காருங்கள். வீட்டுக்காரர்கள் பேச்சை மாற்றியதைப் பார்த்துவிட்டு, "என்னதான் சொல்றாங்க அங்க" என்று தானாக வந்தவர்கள் உண்டு.

இன்சூரன்ஸ்ல வருமா?

உடல் நோய்க்குக் கொடுப்பது போல மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். டி.எம்.எஸ்.சும் பேச்சு சிகிச்சையும் வந்துபோகிற சிகிச்சை. எழுத்தில் கேட்டு வாங்காமல் நகையை அடகு வைக்காதீர்கள்.

டி.எம்.எஸ். எடுத்தப்ப நல்லா இருந்தா. முடிஞ்சு ரெண்டு வாரத்துல பழையபடி ஆயிட்டா. மெஷின் ஏமாத்திடுச்சா?

இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒரு காரணம் இஸ்திரிக் கதைதான்: தெளித்தார்கள், பெட்டி ஓடவில்லை. இன்னொரு காரணம் உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை. ஆறு வாரம் தினமும் பார்த்த டெக்னீஷியன், அந்த நாற்காலி, அந்த "தூங்கினீங்களா" எல்லாம் ஒரே வெள்ளிக்கிழமையில் நின்றுபோகிறது. மனச்சோர்வு மட்டும் உள்ளவருக்கு அது கோர்ஸ் முடிந்த நாள். பார்டர்லைன் உள்ளவருக்கு அது இன்னொருவர் விட்டுவிட்டுப் போன நாள்.

அதனால் முடிவை முதல் நாளே பேசி வையுங்கள். கடைசி இரண்டு வாரம் தினசரியை வாரம் மூன்றாக, இரண்டாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கடைசி சிட்டிங்குக்கு அடுத்த நாளே பேச்சு சிகிச்சைச் சந்திப்பு இருக்கட்டும். இவ்வளவு செய்தும் சரிந்தால், சரிந்தது கோர்ஸ் முடிந்ததாலா, வீட்டில் வேறு ஏதாவது நடந்ததாலா என்று டைரி கார்டைப் பார்த்தால் தெரியும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு சாகணும்னு சொன்னா நாங்க என்ன பண்றது?

மெஷினும் என் வகுப்பும் அந்த நேரத்துக்கு உதவாது. தனியாக விடாதீர்கள், விவாதம் பண்ணாதீர்கள், "நடிக்காதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆபத்தான பொருள்களை எடுத்து அப்புறப்படுத்துங்கள். இந்தியாவில் 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழிலும் பேசுவார்கள். இலங்கையில் 1926. ஏதாவது செய்துகொண்டுவிட்டால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. போலீஸ் கேஸ் பயத்தில் தாமதிக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115வது பிரிவு சொல்கிறது.

மெஷின் இல்லாம இது சரியாகவே ஆகாதா?

அமெரிக்காவில் மேரி ஸனரினி என்ற ஆய்வாளர் பார்டர்லைன் உள்ள 290 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார். பத்து வருடத்தில் 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் அடங்கி, குறைந்தது இரண்டு வருடம் அப்படியே நின்றன. அந்த ஆய்வு தொண்ணூறுகளில் ஆரம்பித்தது, டி.எம்.எஸ். அனுமதி பெற்றதே 2008ல். ஆனால் அறிகுறி அடங்கியதோடு வேலை, உறவு என்று வாழ்க்கையும் நன்றாக அமைந்தவர்கள் பாதிப் பேர்தான். என்னைக் கேட்டால் மெஷின் பக்கம் ஆராய்ச்சி தொடர வேண்டியது அந்த மீதிப் பாதிக்காகத்தான்.

கடைசியா ஒண்ணு மேடம். உங்க தங்கச்சியா இருந்தா என்ன பண்ணுவீங்க?

நல்ல பேச்சு சிகிச்சையாளரைத் தேடுவேன், கிடைக்கும் வரை ஊர் ஊராக போன் அடிப்பேன். அவளுக்கு மனச்சோர்வும் இருந்து, மருந்து இரண்டு மாற்றியும் எழவில்லை என்றால் டி.எம்.எஸ்.சுக்குக் கூட்டிப்போவேன். அங்கே மூன்று கேள்வி கேட்பேன்: எந்த நோய்க்காக வைக்கிறீர்கள், அவளுடைய பேச்சு சிகிச்சையாளரோடு பேசுவீர்களா, முடியும் வாரத்தில் என்ன திட்டம்? மூன்றாவது கேள்விக்கு "அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பேன். வகுப்புக்குப் போகும் நாளிலேயே சிட்டிங்கும் விழுகிற மாதிரி நேரம் கேட்பேன். பஸ்சில் கூடவே போவேன், உள்ளே போகமாட்டேன்.